டிரைவரக்காவின் கரப்பான் பெட்டி

டவுன் பஸ் ஓட்டும் அந்தப் பெண்மணியை டிப்போவில் எல்லோரும் டிரைவரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். படிக்கட்டில் தொங்குகிறவர்கள் உள்ளே ஏறும்வரை வண்டியை நகர்த்த மாட்டார். பின்னால் எத்தனை ஹாரன் அடித்தாலும் இன்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் நடுச்சாலையில் பிரேக்கை மிதித்து, கதவைத் திறந்து, குதித்து ஓடினார். தீப்பிடித்துவிட்டதோ என்று பயணிகளும் அடித்துப் பிடித்து இறங்கினார்கள். ஸ்டியரிங் மேல் ஒரு கரப்பான்பூச்சி மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கே அவர் பெயர் கரப்பக்கா ஆகிவிட்டது.

அந்த அருவருப்புக்குக் காரணமென்று எதுவும் இல்லை. பாம்பைக் கண்டால் கம்பு தேடுவார். கரப்பானைக் கண்டால் கட்டில் மேல் ஏறுவார்.

அவருடைய மகள் ஒரு தாடி ஓணான் வளர்த்தாள். முழங்கை நீளம், மணல் நிறம், கோபம் வந்தால் தாடை கறுத்து உப்பும். கண்ணாடித் தொட்டிக்குள் சூடு விளக்கின் கீழே நாள் முழுக்கத் தட்டையாகப் படுத்திருக்கும். வெளியூர்க் கல்லூரிக்குப் போகும்போது, விடுதியில் விடமாட்டார்கள் என்று அம்மாவிடம் அதை ஒப்படைத்தாள். கீரையும் கடையில் விற்கும் காய்ந்த புழுவும் போட்டால் போதும் என்றாள்.

போதவில்லை. மழை பிடித்ததும் ஓணான் சாப்பாட்டை நிறுத்தியது. இடுப்பெலும்பு தோலுக்கு வெளியே துருத்தியது. கால்நடை மருத்துவர் உயிருள்ள பூச்சிதான் வேண்டும் என்றார். வாங்கிவந்த சிள்வண்டுகள் பாதி நாளில் செத்து நாறின. தீனிக்கென்றே விற்கும் கரப்பானை வீட்டிலேயே வளர்த்துக்கொள்வதுதான் வழி, இந்த வகை பறக்காது, வழுவழுப்பான சுவரில் ஏறவும் தெரியாது என்றார் செல்லப்பிராணிக் கடைக்காரர். முடியாவிட்டால் ஓணானை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்றும் சொன்னார்.

அக்கா வீட்டுக்கு வந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். ஓணான் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. மறுநாள் ஷிப்டு முடிந்ததும் நேராகக் கடைக்குப் போனார். மூடிய டப்பா ஒன்றைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்தபடி, யாரோ துரத்துவதுபோல வீடு வந்து சேர்ந்தார்.

அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கும் அவர் கணவருக்குக் காகிதம் தின்னும் எதுவும் ஜென்ம விரோதி.

"வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதையா இருக்கு."

"வேட்டி கட்டுறது நீங்க. எனக்கு அந்தப் பிரச்சனை இல்ல," என்றார் அக்கா.

ஒன்று அதுகள் இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன் என்று கணவர் முறுக்கிக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போவீர்களா, சாப்பிடாமலா என்று அக்கா கேட்டார். சாப்பிட்டார். போகவில்லை.

ஸ்டோர் ரூமில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி வைத்து, மூடியில் சதுரமாக வெட்டி வலை ஒட்டினார்கள். உள்ளே முட்டை அட்டைகள் நெட்டுக்குத்தாக நின்றன. தவிடும் கேரட்டும் தீனி. முதல் வாரமெல்லாம் அக்கா கையுறை மாட்டி, நீள இடுக்கியைப் பிடித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் தீனி போட்டார். பஸ்ஸைப் பின்னால் எடுக்கப் பழகியபோது பயத்தில் கண்ணை மூடி, கம்பத்தில் இடித்தது அவருக்கு நினைவு வந்தது. அதன்பிறகு முகத்தைத் திருப்பவில்லை. பார்த்தார். தோலுரித்த கரப்பான் பால் வெள்ளையாக இருப்பதையும், தாயின் வயிற்றுக்கடியில் குட்டிகள் ஒண்டுவதையும் பார்த்தார்.

ஒருநாள் இடுக்கியின் பிடியில் ஒன்றின் கால் ஒடிந்தது. அது நொண்டிக்கொண்டே அட்டைக்குள் போனது. ஓணானுக்குப் போடப்போகிற பூச்சிதான். ஆனாலும் தின்னப்படுவதற்கு முன்னால் எதற்கு நசுங்க வேண்டும்? அக்கா இடுக்கியை வீசினார், கையுறையைக் கழற்றினார், வெறும் கையை உள்ளே விட்டார். முள்முள்ளான கால்கள் விரலில் ஏறியபோது பல்லைக் கடித்துக்கொண்டு கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார். கையை மட்டும் எடுக்கவில்லை.

அன்று ஓணான் அவர் விரலிலிருந்தே பூச்சியைப் பறித்துத் தின்றது.

இந்தக் கதை டிப்போவுக்கு எட்டியது. யாரும் நம்பவில்லை. ஒரு மதியம் ஓய்வறையில் வைத்து ஃபிட்டர் ஒரு தீப்பெட்டியை நீட்டினான். அக்காவின் கம்மல் திருகு சீட்டுக்கடியில் கிடந்ததாம். திறந்தால், சாக்கடையிலிருந்து பிடித்த கரப்பான்.

வீட்டில் வளர்வது வேறு, இது வேறு. அக்காவுக்குப் பிடரி சிலிர்த்தது. சுற்றியிருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் தீப்பெட்டியைக் கவிழ்த்து, பூச்சியை உள்ளங்கையில் விட்டு, மறுகையால் பொத்திக்கொண்டு ஃபிட்டரிடம் போனார்.

"கைய நீட்டு, தம்பி."

அவன் பின்னால் நகர்ந்தான். நகர்ந்து நகர்ந்து நாற்காலி மேலேயே ஏறிவிட்டான்.

"பயமா இருந்தா பயம்னு சொல்லு. அதுல தப்பில்ல. எனக்கும் இருந்துச்சு. ஆனா இதக் காட்டி இனிமே என்னை யாரும் ஓட வைக்க முடியாது."

சொல்லிவிட்டுப் பூச்சியை வெளியே உதறினார். பிறகு குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டு வெகுநேரம் கை கழுவினார். அதை மறைக்கவும் இல்லை.

கரப்பக்கா என்ற பெயர் போகவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து "என்ன?" என்று கேட்டார். கேட்கிற தோரணையில் கூப்பிட்டவர்தான் வேறு பேச்சுக்குத் தாவினார். கணவர்கூட அச்சகக் கேன்டீனிலிருந்து முட்டை அட்டை கொண்டுவர ஆரம்பித்தார். ஸ்டோர் ரூம் வாசலோடு சரி, உள்ளே வர மாட்டார்.

விடுமுறைக்கு வந்த மகள் ஓணானைப் பார்த்து வாயைப் பிளந்தாள். வால் தடித்து, தோல் மினுமினுத்துக்கொண்டிருந்தது. சாப்பிடும்போது மெல்லப் பேச்சை எடுத்தாள். தனக்கு இனி இதைக் கவனிக்க நேரம் இருக்காதாம். தோழி வீட்டில் கேட்கிறார்களாம்.

"உனக்கும் எதுக்கும்மா இந்தக் கஷ்டம்? குடுத்துடலாம்."

அக்கா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ விட்டுட்டுப் போன ஓணான் எலும்பும் தோலுமா ஆயிப் போச்சு. அது எங்கயாவது இருந்தா தேடிப் பிடிச்சுக் குடு. இது என்னோடது."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் குழம்பை ஊற்றிக்கொண்டு, "உங்கம்மாகிட்டயே பேசிக்க," என்றார். அக்கா எழுந்து கையைக் கழுவிவிட்டு ஸ்டோர் ரூம் கதவைத் திறந்து, கரப்பான் பெட்டியைக் காட்டினார்.

"வந்து பாக்கறதுன்னா பாரு. கத்தாதே, குட்டி போட்டிருக்கு."