மூடியில் வைத்த பொட்டு

எங்கள் மாமாவுக்கு மறதி அதிகம் என்று மீமிசலில் இன்றைக்கும் சொல்வார்கள். பெட்ரோல் குழாயைத் திறக்காமலே படகு மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போனவர் என்று ஒரு கதையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்தக் கதை பொய். அன்றைக்குப் படகில் அவரோடு இருந்தவள் நான் ஒருத்திதான்.

எனக்கு எட்டு வயது இருக்கும். அம்மா இறந்த பிறகு அப்பாவின் தங்கையான என் அத்தைதான் என்னைக் கூட்டி வந்து வளர்த்தாள். அத்தைக்குப் பிள்ளை இல்லை. அதை அவள் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள மாமாவின் அக்கா அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டிருந்தார். தம்பிக்கு வேறொரு பெண்ணைப் பார்த்து முடித்துவிட்டு, அத்தையையும் என்னையும் என் அப்பா வீட்டுக்கே அனுப்பிவிட வேண்டும் என்பது அவர் யோசனை. என் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. வீட்டுக்கு இன்னொரு பெண் வந்தால் விளையாட ஆள் கிடைக்குமே என்று சந்தோஷமாக இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமா நாகப்பட்டினத்திலிருந்து பழைய மோட்டார் ஒன்றை வாங்கி வந்தார். எல்லோரும் பாய் விரித்துக் கடலுக்குப் போகிற கரை எங்களுடையது. பூசை போடுவதைப் பார்க்க ஊரே வந்திருந்தது. பொட்டு வைக்க மாமாவின் அக்கா எழுந்தபோது மாமா அத்தையைக் கூப்பிட்டார்.

"நம்ம மெஷினுக்கு அவதான்க்கா வைக்கணும்."

"வைக்கட்டும். அவ ராசி எப்படின்னு பாப்பம்," என்று அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அத்தை மோட்டாரின் பக்கங்களிலும் பூசினாள். பயத்தில் தாராளமாகவே வைத்தாள். பெட்ரோல் டாங்கியின் உருண்டை மூடி அவளுக்கு நெற்றியாகப் பட்டிருக்க வேண்டும். அதன் நட்டநடுவில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி மேலே குங்குமம் வைத்தாள்.

முதல் சவாரிக்கு மாமா என்னைத் தூக்கிப் படகில் உட்கார வைத்தார். பெட்ரோல் குழாயையும் என் கையால்தான் திறக்கச் சொன்னார். கயிற்றைச் சுற்றி ஓர் இழுப்பு இழுத்ததும் மோட்டார் கிளம்பியது. கரையில் குலவை போட்டார்கள். கொஞ்ச தூரம் போயிருப்போம், நின்றுவிட்டது.

மாமா கயிற்றை மறுபடி சுற்றி இழுத்தார். இழுத்து இழுத்துச் சட்டை நனைந்ததுதான் மிச்சம். பிளக்கைக் கழற்றித் துடைத்து, இரும்பில் ஒட்டி வைத்து இழுத்துப் பார்த்தார். பொறி நன்றாகவே பறந்தது. மூடியைத் திறந்து பார்த்தார். பெட்ரோல் நிறைய இருந்தது. மூடிவிட்டு இழுத்தால் கிளம்பியது. நாலு முழம் போய் மறுபடி நின்றது. கரையில் அத்தை முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள். அவளுக்குப் பின்னால் மாமாவின் அக்கா கையை நீட்டி நீட்டிப் பேசுவது எனக்கே தெரிந்தது.

மாமா திரும்பவும் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தூண்டில் முள்ளை எடுத்து, காய்ந்து கெட்டியாகியிருந்த பொட்டின் நடுவில் குத்தினார். அதற்கடியில் ஓர் ஊசித்துளை இருந்தது.

"காத்து உள்ள போனாத்தான் ஆத்தா பெட்ரோல் கீழ எறங்கும். இது அடைச்சுப் போச்சு," என்றார்.

மூடியைத் துடைத்துவிட்டு, மோட்டாரின் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் சந்தனத்தையும் குங்குமத்தையும் வழித்து, துளையைவிட்டுத் தள்ளி மூடியின் ஓரத்தில் புதிதாக ஒரு பொட்டு வைத்தார். அடுத்த இழுப்பில் கிளம்பிய மோட்டார் கரைக்கு வந்து சேரும்வரை நிற்கவே இல்லை.

"என்ன தம்பி, ஆரம்பமே இப்படி நின்னு நின்னு வருது? நான் அப்பவே சொன்னேன்ல," என்றார் அக்கா.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "பெட்ரோல் கொழாயத் தெறக்காமப் போயிட்டேன்க்கா. என் கூறு அம்புட்டுத்தான்."

கரையே சிரித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "நான் தெறந்தேனே மாமா," என்றேன்.

சிரிப்பு நின்றது. அத்தை என்னைப் பார்த்தாள். மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"நீ தெறந்த ஆத்தா. நான்தான் கைபட்டு மூடிட்டேன்."

அதற்கு அவர் அக்காவே சிரித்துவிட்டார். "இந்தக் கூறுகெட்டவனக் கட்டிக்கிட்டு அவ என்ன பாடு படுறாளோ," என்றார். அத்தைக்காக அவர் பரிந்து பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு ஆயுத பூசைதோறும் அத்தை சந்தனக் கிண்ணத்தோடு வந்தால், மாமா மூடியின் நடுவில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, "இங்கிட்டு வை," என்று ஓரத்தைக் காட்டுவார். "கொழாயத் தெறக்க மறந்துருவீங்க, பொட்டுக்கு மட்டும் எடம் காட்டுவீங்களாக்கும்," என்பாள் அத்தை. அன்றைக்குப் படகில் நடந்தது கடைசிவரை அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அந்த வீட்டிலேயே வளர்ந்து, படித்து, அங்கிருந்தே கல்யாணமாகிப் போனேன். பெற்றவர்கள் செய்ய முடியாததை எனக்குச் செய்த மனிதர் அவர். இதை அவரிடம் நேரில் ஒருநாளும் நான் சொன்னதில்லை.

அந்த வயதில் எனக்கு வேறு கவலை. வருவதாக இருந்த அந்தப் பெண்ணைப் பற்றிய பேச்சே வீட்டில் நின்றுபோயிருந்தது. ஒருநாள் மாமாவிடமே கேட்டுவிட்டேன்.

"அந்த அக்கா ஏன் மாமா இன்னும் வரல?"

"அதான் நீ இருக்கியே ஆத்தா," என்றார்.

எனக்கு அது பதிலாகவே படவில்லை. விளையாட ஆள் இல்லாமல் போயிற்றே என்று அன்று முழுவதும் அவரோடு பேசாமல் இருந்தேன்.