தறிக்காரர் சேர்த்த செயின்

எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. கோபம் வந்தால் மட்டும் என் வீட்டுக்காரர் தமிழுக்கு மாறிவிடுவார். அன்று காலை ஆறரை மணிக்கே தமிழில்தான் இருந்தார். புறப்பட்டுப் போன நான், தெருமுனையில் செயின் அறுந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தேன்.

பாலவனத்தம் ரோட்டு மில்லில் எனக்கு அன்றுதான் முதல் நாள் வேலை. எட்டு மணிக்கு கேட்டை அடைத்துவிடுவார்கள். முதல் நாளே தாமதம் என்றால் வேலை கிடையாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பஸ் அங்கே நிற்காது. சைக்கிள் கடை திறக்க ஒன்பதாகும். அவருடைய தறியும் பாவு நூல் வராமல் இரண்டு மாதமாகச் சும்மா கிடந்தது.

"அறுந்த இழை எத்தனை சேத்திருக்கேன், இது ஒரு பெரிய வேலையா?" என்றவர், செயினை உருவித் தறியடிக்குக் கொண்டுபோனார். விளக்கைப் போட்டு, மடியில் கிடத்தி, நூலைப் பார்ப்பது போலப் பார்த்தார். உடைந்த கண்ணியைத் தட்டி எடுத்தார்.

"வண்டியில கோத்துட்டுல்ல சேக்கணும்?" என்றேன்.

"நீ போயி தூக்குவாளியக் கட்டு."

கட்டினேன். திரும்பி வந்தபோது செயின் முழு வட்டமாகச் சேர்ந்திருந்தது. வேலை சுத்தம்தான், குறை சொல்ல முடியாது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு சைக்கிளை இரண்டு முறை சுற்றி வந்தார். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கம்பி குறுக்கே நிற்கிறது. மறுபடி பிரிக்காமல் அந்த வட்டம் உள்ளே போகாது.

"மாலை ரெடியாயிருச்சு. யாருக்குப் போடப் போறீக?" என்று நானும் தமிழிலேயே கேட்டேன்.

அப்போதே மணி ஏழு. சேர்த்ததைப் பிரித்து, கம்பியைச் சுற்றிக் கோத்து, ஆணியை வைத்து அடித்தார். இரண்டு அடி கட்டைவிரலில் விழுந்தது. விரலைக்கூடப் பார்க்காமல் அவர் கடிகாரத்தைப் பார்த்த பிறகு எனக்குக் கேலி வரவில்லை. என் வேலை போய்விடுமோ என்று என்னைவிட அவர் பயந்திருந்தார்.

கேட் அடைக்க நாலு நிமிஷம் இருக்கும்போது உள்ளே போய்விட்டேன்.

சாயங்காலம் வெளியே வந்தால், கேட்டுக்கு எதிரே மஞ்சள் பையோடு நிற்கிறார். பைக்குள் சுத்தியலும் ஆணியும். அவ்வளவு தூரமும் வெயிலில் நடந்தே வந்திருக்கிறார்.

"செயினு நல்லாத்தானே ஓடுது? சேத்தது நீங்கதானே?" என்றேன்.

அதனால்தான் வந்தேன் என்றார், தெலுங்கில்.