ஸ்னூக்கர் ஹாலின் போன்

கவுண்டரின் மூலையில் ஒரு கறுப்புப் போன் இருந்தது. ஆட்கள் இழுத்து இழுத்து அதன் சுருள் வயர் தரைவரை தொங்கிப்போயிருந்தது. லண்டன் எட்மண்டனில் ஒரு தளபாடக் கடையின் மேல்மாடியில் இருந்த ஸ்னூக்கர் ஹால் அது. எனக்குப் பகல் ஷிப்ட். தேத்தண்ணி போடுவதும் மேசைகளுக்கு லைட் போட்டுவிடுவதும் போன் எடுப்பதும் என் வேலை. சனிக்கிழமைகளில் ஒரு மேசையும் காலியாக இராது. ஐரிஷ்காரர், ஜமேக்காக்காரர், எங்கள் தமிழ்ப் பெடியள் என்று எல்லாரும் கோலும் கையுமாக முறை பார்த்து நிற்பார்கள். சிகரெட் புகையில் ஆளை ஆள் தெரியாது. சத்தமோ, அப்பப்பா, சொல்லி முடியாது!

நான் அண்ணை என்று கூப்பிட்டவர் எனக்கு உறவில்லை. அவருடைய அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. வேலை செய்ய அனுமதியில்லை. ஐந்தாறு பேர் நெருக்கிப் படுத்த அறையில் போனும் இல்லை. அதனால் எங்கள் ஹால் நம்பரைத்தான் மகனிடம் பாடமாக்கச் சொல்லியிருந்தார். ஒரே மகன். மீசை அரும்பும் வயதில், ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி நாடு நாடாக லண்டனை நோக்கி வந்துகொண்டிருந்தான். அண்ணை எப்போதும் போனுக்குக் கிட்ட இருந்த மேசையில்தான் விளையாடுவார். துணி கிழிந்து, பந்து ஒரு பக்கமாக ஓடும் மேசை. "எனக்கு இது காணும் பிள்ளை" என்பார். மணியடித்தால், குறிபார்த்துக் குனிந்தபடியே தலையை மட்டும் என் பக்கம் திருப்புவார்.

அந்தச் சனிக்கிழமை நான்தான் போனை எடுத்து அவரிடம் நீட்டினேன். ஏஜென்சிக்காரன் நடுவழியில் விட்டுவிட்டு ஓடிவிட்டான், தனியாக நிற்கிறேன் என்று மகன் அழுதானாம். "அப்பா, நான் நிக்கிற இடம்..." என்று தொடங்கவும், பக்கத்து மேசையில் எவனோ கடைசிக் கறுப்புப் பந்தைக் குழிக்குள் போடவும் சரியாக இருந்தது. ஹால் முழுவதும் எழும்பிக் கத்தியது. "கேக்கேல்லை ராசா, திருப்பிச் சொல்லு!" அண்ணை போனைத் தோளில் இடுக்கி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு கவுண்டருக்குக் கீழே குந்தினார். மற்றக் கையை மேலே தூக்கி, நிறுத்துங்கோ நிறுத்துங்கோ என்று ஆட்டினார். அவரும் சேர்ந்து கொண்டாடுகிறார் என்று நினைத்து, பாவிகள், பதிலுக்குக் கோலைத் தூக்கி ஆட்டினார்கள். சத்தம் அடங்கியபோது லைன் போய்விட்டிருந்தது.

மகனிடமிருந்து பிறகு போன் வரவேயில்லை. அண்ணை விசாரிக்காத ஆளில்லை, ஏறி இறங்காத கந்தோரில்லை. எந்த நாட்டில் காணாமல் போனான் என்று அவர்கள் கேட்பார்கள். அதற்குப் பதில் இருந்தால் அவர் ஏன் அங்கே போய் நிற்கிறார்?

விஷயம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் ஹாலில் ஒரு வழக்கம் வந்தது. யாரும் சொல்லி வந்ததில்லை. போன் அடித்தால் ஒருவரும் பந்தை அடிப்பதில்லை. பந்தயம் கட்டி விளையாடும் முரட்டு ஐரிஷ்காரர்கூட, அடிக்கப்போன கோலை எடுத்துத் தோளில் சாத்திக்கொண்டு நிற்பார். அத்தனை சனமும் மூச்சுக்காட்டாமல் நிற்க, அண்ணை போனை எடுப்பார். "இஞ்ச இப்ப சத்தமில்லை ராசா, சொல்லு." மேசை காலியாக இருக்கிறதா என்று மறுமுனையில் யாரோ கேட்பார்கள். அவர் போனை என்னிடம் தருவார்.

காலம் போகப்போக ஹாலில் புகை இல்லாமல் போனது, ஆட்களும் இல்லாமல் போனார்கள். கடைசி வருடங்களில் அண்ணை மட்டும் அந்தக் கிழிந்த மேசையில் தனியே நிற்பார். அவர் கையை ஆட்டிக் கெஞ்சிய அமைதி அப்போதுதான் வந்தது. என்னத்துக்கு வந்தது? ஹாலைப் பூட்டியபோது, அந்த நம்பரை மட்டும் தன் மொபைலுக்கு மாற்றித் தரும்படி முதலாளியிடம் கேட்டு வாங்கினார். ஆஸ்பத்திரியில் அந்த மொபைலை என் கையில் வைத்து, "இதை நிப்பாட்டிப் போடாதை பிள்ளை" என்றார். இரண்டொரு நாளில் போய்விட்டார். ஹால் இருந்த இடத்தில் இப்போது பிளாட்டுகள்.

போன கிழமை பேரனின் பிறந்தநாள். வீடு நிறையப் பிள்ளைகள், பாட்டு, கூச்சல். அந்த மொபைல் அடித்தது. "சத்தம் போடாதேங்கோ!" என்று நான் போட்ட கத்தலில், கேக் வெட்டப்போன பேரன் கத்தியோடு அப்படியே நின்றான். எல்லாரும் நின்றார்கள்.

"இஞ்ச இப்ப சத்தமில்லை ராசா, சொல்லு."

ஒரு ஆண் குரல், ஹலோ என்றது. அண்ணையின் மகனுக்கு இப்போது தலை நரைத்திருக்கும். அவன் குரல் எப்படி மாறியிருக்குமோ, எனக்குத் தெரியாது. சனிக்கிழமைக்கு மேசை கிடைக்குமா என்று அந்தக் குரல் இங்கிலீசில் கேட்டது. ஹாலைப் பூட்டி எவ்வளவோ காலம், நம்பர் மட்டும் இன்னும் இருக்கிறது என்று சொன்னேன்.