மஞ்சள் வைத்த போர்டிங் பாஸ்

மும்பையில் தனியாக இருக்கும் என் தம்பிக்கு மறுநாள் காலையில் இதய ஆபரேஷன். ரத்த சொந்தம் ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே கொண்டுபோவோம் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அவனுக்கு நான் ஒருத்திதான். சின்னமனூரில் தையல் கடை வைத்திருக்கும் எனக்கோ அதுதான் முதல் விமானம்.

டிக்கெட் போட்டு, போர்டிங் பாஸையும் அவனே என் போனுக்கு அனுப்பிவிட்டான். "போன்ல காட்டுனாப் போதும்க்கா" என்றான். கட்டிலில் படுத்துக்கொண்டு எனக்குத் தைரியம் சொல்கிறான்! எனக்கு மனசு கேட்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். கடைக்காரப் பெண் போனிலிருந்து ஒரு தாள் பிரிண்ட் எடுத்து, அதையே மெஷினில் கவிழ்த்து இன்னொன்றும் போட்டுக் கொடுத்தாள்.

"ஏறப்போறது ஒரு பிளேனு. எதுக்குக்கா ரெண்டு? ஒண்ண றெக்கையில ஒட்டப்போறீகளா?"

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். வண்டி ஆர்.சி.யோ வங்கிப் புத்தகமோ, புதிதாக எது வந்தாலும் மூலைக்கு மூலை மஞ்சள் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார். அன்றைக்குப் பிரிண்ட் தாளுக்கும் தாராளமாக வைத்தார். ஜெராக்ஸைத் தொடவில்லை.

"இதுக்கு வைக்கலையா?" என்றேன்.

"சாமிக்கு ஒரிஜினலத்தான் வைக்கணும். நகலக் காட்டுனா நம்மளப் பத்தி என்ன நெனைக்கும்?" என்று சொல்லி, ஜெராக்ஸை மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒங்கள உள்ளயே விடமாட்டாக. ஒங்களுக்கு எதுக்கு அது?"

"கெடக்கட்டும் புள்ள. ஒண்ணு ஒங்கிட்ட, ஒண்ணு எங்கிட்ட."

வீட்டுக்காரர் வண்டியில் மதுரை ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியெல்லாம் போன் ஓயவில்லை. ஆண்டிபட்டி தாண்டுவதற்குள் மார்க்கையன்கோட்டை நாத்தனார் மட்டும் எத்தனை தடவை கூப்பிட்டாளோ. "கெளம்பிட்டீகளா?" "ஆண்டிபட்டி வந்துட்டீகளா?" "ஜன்னல் சீட்டா மதினி? கீழ பாக்காதீக." பாசத்தில் கேட்கிறவர்களிடம் போனை வையுங்கள் என்று எப்படிச் சொல்வது? ஏர்போர்ட் வாசலில் ஆதாரையும் போனையும் காட்டி நான் உள்ளே போகும்போது பேட்டரி சிவப்பாகிவிட்டது. சார்ஜரோ வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது.

சோதனை வரிசையில் பாதி தூரம் நகர்ந்திருப்பேன். போன் கையிலேயே இருண்டு போனது. அமுக்கிப் பார்த்தேன், தேய்த்துப் பார்த்தேன். சரி, தாள் இருக்கிறதே என்று பையிலிருந்து எடுத்து நீட்டினேன். சீருடையில் இருந்த பெண் அதை மெஷினில் காட்டினாள். சத்தமே இல்லை. திருப்பிக் காட்டினாள். அப்போதுதான் பார்க்கிறேன். ஸ்கேன் செய்கிற அந்தக் கறுப்புக் கட்டம் தாளின் மூலையில்தான் இருக்கிறது. அதன் மேல் அப்பியிருக்கிறது மஞ்சள். விரலால் துடைத்தேன். மையும் சேர்ந்து ஈஷிக்கொண்டது.

"சேச்சி, போன் ஓண் ஆக்கு. இல்லெங்கில் வேறே பிரிண்ட் கொண்டு வா" என்றாள் அவள். போனைப் போடு, இல்லையென்றால் வேறு தாள் கொண்டு வா என்கிறாள்; மலையாளம் பேசும் ஏலத்தோட்டத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துத் தைத்து எனக்கு அந்த அளவு புரியும். புரியாமலே இருந்திருக்கலாம்.

கவுண்டருக்கு ஓடினேன். அங்கே ஆள் இல்லை. மும்பை விமானத்தில் ஏறச் சொல்லி அறிவிப்பு வந்தது. வரிசைக்கே திரும்பி ஓடினேன். தம்பியின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றிருந்த கன்னியாஸ்திரி அம்மா, நல்லவேளை, நம் பக்கத்து ஆள். "பதறாதீக. வீட்டு நம்பர் ஞாபகம் இருக்கா?" என்று தன் போனை நீட்டினார். என் கடைப் பலகையில் இருப்பது வீட்டுக்காரர் நம்பர்தான்; தினமும் பார்த்து மனப்பாடம். அடித்தேன். பிஸி. மறுபடியும் பிஸி. ஊரெல்லாம் கூப்பிட்டு, நான் உள்ளே போய்விட்ட செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் மனுஷன்!

ஒருவழியாக எடுத்தார். "யாருங்க?"

"நாந்தான். எங்கன இருக்கீக?"

"ரிங் ரோட்டுல டீ குடிக்கேன். பிளேன்ல இருந்தா பேசுற?"

"பிளேனும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த ஜெராக்ஸக் கொண்டாங்க, ஓடியாங்க!"

கண்ணாடிக் கதவோரம் நின்றேன். வருகிற ஒவ்வொரு வண்டியும் அவர் வண்டி மாதிரியே தெரிந்தது. அறிவிப்பு மறுபடி வந்தது. கடைசியில் வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தாளை மறு கையில் உயர்த்தியபடி ஓடி வந்தார். வாசல் காவலர் வாங்கி விரித்து, மேலும் கீழும் பார்த்து, என்னிடம் கொடுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வீட்டுக்காரர் ஏதோ சொன்னார். காதில் விழவில்லை. திரும்பி ஓடினேன். கன்னியாஸ்திரி அம்மா எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தார். ஜெராக்ஸைக் காட்டியதும் மெஷின் 'பீப்' என்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் தம்பி என் பையைத் துழாவி மஞ்சள் தாளை எடுத்தான். "மச்சான் வேலையா?" என்று சிரித்துவிட்டு, "இது இங்கன இருக்கட்டும்க்கா" என்று தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டான்.

காலையில் கையெழுத்துப் போட்டேன். அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியதுமே, முந்தின ராத்திரி நர்ஸிடம் சார்ஜர் இரவல் வாங்கி உயிர் கொடுத்திருந்த போன் அடிக்க ஆரம்பித்தது. "உள்ள கொண்டு போயிட்டாகளா மதினி?" அந்தச் சார்ஜரையே மறுபடி சொருகிவிட்டு, அவன் கண் திறக்கும்வரை ஒருவர் விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.