முனீஸ்வரன் கோயில் இருந்த இடம்

ஈசூனில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் சாப்பிட்டு முடித்ததும், மகன் கைபேசியில் நான் பிறந்த கிராமத்தை, எங்கள் பழைய கம்பத்தைத் தேடினான். வானத்திலிருந்து எடுத்த படமாம்.

"அங்க ஒண்ணுமே இல்லம்மா. வெறும் எக்ஸ்பிரஸ்வே லா."

ரோட்டோரம் பச்சையாக ஒரு திட்டு தெரிந்தது. அங்கேதான் எங்கள் முனீஸ்வரன் கோயில் இருந்தது. தகரக் கூரை, மழை பெய்தால் மணிச்சத்தம்கூடக் கேட்காது. ரோடு போட அரசாங்கம் நிலத்தை எடுத்தபோது, பூசாரி மந்திரம் சொல்லி சாமியைக் கும்பத் தண்ணீரில் இறக்கி, கும்பத்தை அப்பா தலையில் வைத்தார். புதுக் கோயில் போய்ச் சேரும்வரை கும்பம் தரையைத் தொடக் கூடாது. அப்பா பஸ்ஸில் ஏறினார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாவிலை வாசமும் டீசல் நாற்றமும் ஒன்றாக வந்தன. மஞ்சள் தண்ணீர் அவர் கழுத்தில் வழிந்தது.

"கீழ வைங்கண்ணே, பிரேக் போட்டா விழுந்துடுவீங்க," என்றார் கண்டக்டர்.

"சாமியக் கீழ வைக்கச் சொல்றியா? பிரேக் போடாம ஓட்டச் சொல்லு!"

பஸ்ஸே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. இறங்கும்வரை கும்பத்திலிருந்து கையை எடுக்கவும் இல்லை.

மகனிடம் சொன்னேன்: "அந்தப் பச்சை மேல ஒரு குறி போடு. முனீஸ்வரன் கோயில் இருந்த இடம்னு எழுது."

"எல்லாரும் பாக்குற மேப்மா. தூக்கிடுவாங்க."

"தூக்கட்டும். நீ போடு."

போட்டான். அடுத்த வாரம் பார்த்தால் காணவில்லை. எப்படிப் போடுவது என்று அவனிடமே கேட்டுக் கற்றுக்கொண்டேன். இப்போது வெள்ளிதோறும் விளக்கேற்றியதும் பார்க்கிறேன். குறி இல்லையென்றால், மறுபடி போட்டுவிட்டுத்தான் மறுவேலை.