ஈரலுக்கு இரண்டு போத்தல்

நான் வேலை செய்யும் மீன் ஆலையில், காலை இடைவேளைக்கு எல்லோரும் கூடும் அறையில், சூல்வே என்ற பெண் தன் கோப்பிக்குள் ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் போட்டுக் குடிப்பாள். முதல்நாள் பார்த்தபோது அவளுக்கு ஏதோ தடுமாற்றம் என்றுதான் நினைத்தேன். எங்கள் ஊரான திருகோணமலையில் தேங்காயெண்ணெய்க்கு ஆயிரம் வேலை உண்டு. தலைக்கு வைப்போம், விளக்குக்கு விடுவோம், வடை பொரிப்போம், கதவு கிரீச்சிட்டால் பிணைச்சலுக்கும் இரண்டு துளி விடுவோம். கோப்பிக்குள் மட்டும் விட்டதில்லை. நோர்வேயின் வடக்குக் கரையிலுள்ள இந்த ஊரின் குளிரில் அது வெண்ணெய் மாதிரி உறைந்திருக்கும். சூல்வே அதைச் சின்னக் கண்ணாடிப் போத்தலிலிருந்து சுரண்டிச் சுரண்டி எடுப்பாள். இங்கே கடைகளில் அதைச் சமையலெண்ணெயோடு வைப்பதும் இல்லை. விற்றமின் குளிசைகளுக்குப் பக்கத்தில், மருந்துச் சாமான் போல மரியாதையாக வைத்திருப்பார்கள். விலையும் மரியாதையான விலைதான்.

“நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்,” என்றாள் சூல்வே ஒருநாள். “பிறந்ததிலிருந்து இதைத்தானே சாப்பிடுகிறீர்கள். உங்கள் ஈரல் எவ்வளவு சுத்தமாக இருக்கும்!” அதற்கு முதல்நாள்தான் என் டொக்டர் என்னைக் கூப்பிட்டு, ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது என்று சொல்லியிருந்தார். இந்தப் பகுதி ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: ‘ஆம்’ என்பதை மூச்சை உள்ளே இழுத்துச் சொல்வார்கள். வந்த புதிதில் எனக்கு அது யாரோ திடுக்கிட்ட மாதிரிக் கேட்கும். சூல்வே சொன்னதைக் கேட்டு நான் உண்மையாகவே திடுக்கிட்டு மூச்சை இழுத்தேன். அவள் அதை ஆமென்று எடுத்துக்கொண்டு, சந்தோஷமாகக் கோப்பியைக் குடித்து முடித்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஈரலைப் பற்றி அந்த அறையில் என்னைவிட அனுபவசாலி கிடையாது. கோட் மீனின் வயிற்றைத் துப்புரவாக்கி ஈரலைத் தனிப் பெட்டியில் போடுவதுதான் என் வேலை. அதிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கு த்ரான் என்று பெயர். குளிர்காலம் முழுக்க, குழந்தையிலிருந்து கிழவர் வரை அதைக் கரண்டியில் விட்டுக் குடிப்பார்கள். ஈரல் வெளிறி, கொழுத்து, கையில் நிற்காமல் வழுக்கினால்தான் அதில் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே டொக்டர் எனக்குப் படம் கீறி விளக்க வெளிக்கிட்டபோது, வேண்டாம் என்றேன். எனக்குள்ளே என்ன கிடக்கிறதென்று எனக்குத் தெரியும். வருடக்கணக்காகக் கையுறை போட்டு அதைத்தானே தூக்கிப் போடுகிறேன். மீனுக்குக் கொழுத்தால் மருந்து, மனிதனுக்குக் கொழுத்தால் வருத்தம். இது என்ன நியாயமோ தெரியவில்லை.

டொக்டர் இளம் பெண். குடிப்பீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். எண்ணெய் நிறையச் சேர்ப்பீர்களா என்று கேட்டார். மிகக் குறைவு என்றேன், கொஞ்சம் பெருமையோடு. பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கணக்கில் பொரித்தால்தான் எண்ணெய். காய்ச்சல் வந்தால் பொரியலை நிறுத்திவிட்டுத் தேங்காய்ப்பால் விட்ட சொதியும் பருப்பும் தருவார்கள். அது பத்தியம். பத்தியத்துக்குள் கொழுப்பு ஒளித்திருக்கும் என்று யார் நினைத்தார்? இதைச் சொன்னதும் டொக்டருக்கு அந்தப் பருப்பைச் சமைத்துப் பார்க்க ஆசை வந்து, செய்முறையைக் கேட்டார். நானும் சொல்லிக்கொண்டு போனேன். தேங்காய்ப்பால் வரும் இடத்தில் நிறுத்தி, “எவ்வளவு?” என்றார். “ஒரு தகர ரின்,” என்றேன். “ஒரு வாரத்துக்கா?” “பருப்புக்கு. சொதிக்கு வேறு.” அவர் எழுதுவதை நிறுத்திப் பேனாவை மூடினார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். தேங்காயின் கொழுப்பில் பெரும்பகுதி நிரம்பிய கொழுப்பு. அளவுக்கு மிஞ்சினால் அது ஈரலிலும் படியும், இரத்தத்தில் கூடாத கொலஸ்ட்ரோலையும் கூட்டும். அந்த எண்ணெயில் சீக்கிரம் எரிந்து சக்தியாகிற பகுதி ஒன்று உண்டு. அதை வைத்துத்தான் இவ்வளவு விளம்பரம். ஆனால் அது சின்னப் பகுதி. வாசனைக்குச் சேர்த்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, ஆனால் ஈரலைச் சுகப்படுத்தும் என்று நம்பிக் குடிக்கவேண்டாம். எடையைக் குறைத்து, சீனியைக் குறைத்து, தினமும் நடந்தால் உங்கள் ஈரல் தானே தேறும் என்றார். நஞ்சுமில்லை, மருந்துமில்லை என்ற இந்த நடுத்தீர்ப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஏதாவது ஒரு பக்கம் நின்று சண்டை பிடிக்கத்தான் நமக்குச் சுகம்.

சண்டைக்கு ஆள் திருகோணமலை லிங்கநகரில் இருந்தார். என் அக்கா தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அத்தான் காலமானபிறகு தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னதும் கொதித்துவிட்டார்.

“அந்தப் பிள்ளைக்குத் தேங்காய் எண்டால் என்னெண்டு தெரியுமோ? நாங்கள் பிறந்ததில இருந்து தேங்காய்க்குள்ளதான் கிடக்கிறம். அந்தக் காலத்தில ஆருக்கு ஈரல் வருத்தம் வந்தது?”

“அந்தக் காலத்தில ஸ்கேன் இல்லையக்கா.”

“அதைத்தான் நானும் சொல்றன். ஸ்கேன் வந்தாப் பிறகுதானே வருத்தமும் வந்தது.”

இதற்குப் பதில் சொல்ல எந்த டொக்டராலும் ஏலாது. கதையை மாற்றுவதற்காக, சூல்வேயின் கோப்பியைப் பகிடியாக எடுத்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. “வெள்ளைக்காரியும் குடிக்கிறாளோ?” என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலில் ஒரு யோசனை இருந்ததை நான் கவனித்திருக்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து போகும் பகிடி, கடலைத் தாண்டும்போது பகிடியைக் கழற்றிவிட்டுப் புத்திமதியாக மாறித்தான் ஊரில் இறங்கும். இங்கே ஆட்கள் இரண்டு கையிலும் தடி பிடித்து நடக்கிறார்கள் என்று முன்னொருமுறை சிரித்துச் சொன்னேன். அடுத்த தடவை போனபோது, அக்காவின் வீட்டில் கூட்டுகிற தும்புத்தடிகள் இரண்டு தலை கழற்றிய நிலையில் சுவரில் சாத்தியிருந்தன. கேட்டதற்கு, நாய்க்கு என்றார்.

போன ஆடியில் ஊருக்குப் போனேன். படலையடியில் புள்ளிமான் ஒன்று வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தது. எங்கள் ஊரில் மான்கள் தெருவில் திரிவதைச் சொன்னால் சூல்வே நம்பமாட்டாள். இங்கே நோர்வேயில் கலைமான்கள் தெருவை மறிப்பதைச் சொன்னால் அக்கா நம்பமாட்டார். அக்கா வந்து படலையைத் திறந்தார். முகம் மெலிந்திருந்தது, ஆனால் பாதங்கள் ஊதி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. “வெயிலுக்கு,” என்றார். நானும் வெயிலை நம்பினேன்.

மறுநாள் விடியற்காலையில் நான் எழும்பிக் குசினிக்குள் போனபோது அக்கா அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஒரு போத்தலில் இருந்து ஒரு கரண்டி, இன்னொரு போத்தலில் இருந்து ஒரு கரண்டி. கண்ணை இறுக்கி மூடி விழுங்கிவிட்டு, அவசரமாக ஒரு சர்க்கரைத் துண்டை வாயில் போட்டார். ஒன்று மில்லில் ஆட்டிய தேங்காயெண்ணெய். மற்றது, மூட்டு நோவுக்கென்று நான் போகும்போதெல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கும் த்ரான்.

“இதென்னக்கா?”

“ஈரலுக்கு.”

“என்ட ஈரலுக்கோ?”

“உன்ட ஈரலுக்கு நான் ஏன் குடிக்கிறன்? என்ட ஈரலுக்கு.”

கதிரையில் இருத்தி, கேட்டுக் கேட்டு எடுத்தேன். நீரிழிவு அவருக்குப் பழைய சொந்தம். அதற்குப் போகும் கிளினிக்கில், ஈரலில் தழும்பு விழத் தொடங்கிவிட்டது, மாதாமாதம் வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. எனக்கும் சொல்லவில்லை, கொழும்பிலிருக்கும் மகனுக்கும் சொல்லவில்லை.

“ஈரல் எண்டு சொன்னா ஊர் முதல்ல என்ன கேக்கும்? குடியோ எண்டு கேக்கும். கோயிலடியில வச்சு எனக்கு அந்தக் கேள்வி வேணுமோ?” என்றார். “வெள்ளைக்காரி ஈரலுக்கு நல்லமெண்டு கோப்பியில விட்டுக் குடிக்கிறாள் எண்டு நீதானே சொன்னனீ. மற்றது ஈரலில இருந்தே எடுத்த எண்ணெய். ஈரலுக்கு ஈரல் உதவாதோ?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயம் வந்தது. என் ஈரலில் இருப்பது எச்சரிக்கை. அவருடையது அதைத் தாண்டிவிட்டது. நாங்கள் பிறந்த வீட்டில் மிச்சமாக இருப்பது நாங்கள் இரண்டு பேரும்தான். அவர் இல்லாவிட்டால் திருகோணமலை எனக்கு ஒரு நல்ல கடற்கரையுள்ள ஊர், அவ்வளவுதான். அன்றைக்கே இரண்டு போத்தலையும் ஒரு சொப்பிங் பையில் போட்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன்.

அங்கிருந்த டொக்டர் மூதூர்க்காரர். பரிசோதித்து முடிந்ததும் போத்தல்களை மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். “அம்மா, ரெண்டிலயும் நல்ல மனசு இருக்கு. ஆனா ரெண்டையும் குடிக்க வேணாம்,” என்றார். மீனெண்ணெயில் விற்றமின் ஏ அதிகம், அது போய்ச் சேமிப்பாகும் இடமே ஈரல்தான். களைத்துப்போன ஈரலுக்கு அந்தச் சுமையை யாரையும் கேட்காமல் ஏற்றக்கூடாது என்றார். தேங்காயெண்ணெய் தாளிக்க ஒரு கரண்டி சரி, குடிக்க ஒரு துளியும் வேண்டாம்.

“அது ஈரலைக் கழுவும் எண்டு போனில வருகுதே?” என்றார் அக்கா.

“எலியில செஞ்சு பார்த்து நல்லமெண்டு சிலர் சொல்றாங்கதான். மனுசரில அப்பிடி ஒண்டும் உறுதியாகல்ல.”

“அப்ப எலிக்குத்தான் லாபம்.”

டொக்டர் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். சீனியையும் உப்பையும் குறைத்து, மருந்தை ஒழுங்காகப் போட்டு, மாதாமாதம் வந்து காட்டினால் இந்த ஈரல் கனகாலம் தாக்குப்பிடிக்கும். விட்டால் வயிற்றில் தண்ணீர் கட்டும், அதற்குப் பிறகு தன் கையில் இல்லை. அக்காவின் கோயிலடிப் பயத்தை நான் சொன்னதும், குடிக்காதவர்களுக்கும் இது நிறைய வருகிறது, யாராவது கேட்டால் தன்னிடம் அனுப்பச் சொன்னார். அக்கா இரண்டு எண்ணெயையும் உடனே விட்டுக்கொடுத்தார். கருவாட்டை விடச் சொன்னபோதுதான் கண் கலங்கியது. கோப்பிக் கதையை அக்காவிடம் கேட்டறிந்திருந்த டொக்டர் கடைசியாக என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, அங்க இருந்து கதைக்கேக்க கொஞ்சம் பார்த்துக் கதையுங்க. நாங்க இங்க இருந்து மாசக்கணக்காச் சொல்றது ஏறாது. நீங்க ஒருக்காப் பகிடி விட்டா ஏறிடும்.”

மிச்ச நாட்களெல்லாம் பொழுது சாயத் துறைமுக வீதியால் நடந்தோம். அக்கா இரண்டு தும்புத்தடியோடும் வந்தார். முதல்நாள் எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாம் நாள் ஒன்றை நான் வாங்கிக்கொண்டேன். வீட்டில், மூன்றாம் தரம் பிழிந்த தேங்காய்ப்பாலில் சொதி வைத்தார். “இது சொதியோ, சொதிச் சட்டி கழுவின தண்ணியோ?” என்று தானே கேட்டுவிட்டு, தானே குடித்தார். நானும் குடித்தேன். உண்மையாகவே கழுவின தண்ணீர் மாதிரித்தான் இருந்தது, ஆனால் இரண்டு பேரும் ஒரே சட்டியில் பத்தியம் காத்த சந்தோஷத்தில் இன்னொரு கோப்பை கேட்டேன்.

புறப்படும் அன்று என் பெட்டிக்குள் தேங்காயெண்ணெய்ப் போத்தல் ஒன்று இருந்தது. பொலித்தீனில் சுற்றி, நான் உடுக்கும் சாரத்துக்குள் பொதிந்து வைத்திருந்தார்.

“அக்கா, டொக்டர் என்ன சொன்னவர்?”

“குடிக்கிறதுக்கில்ல. தலைக்கு வை.”

தலையைத் தடவிக் காட்டினேன். அங்கே எண்ணெய் வைக்க ஒன்றுமில்லை.

“அப்ப சும்மா வச்சிரு. ஒரு போத்தல் எண்ணெயும் இல்லாதது ஒரு வீடோ?” த்ரானை நான் திரும்ப எடுத்துக்கொண்டு போகிறேன் என்றதற்கும் விடவில்லை. “அவ்வளவு தூரம் நீ சுமந்துகொண்டு வந்தது. குடிக்கமாட்டன். ஆனா தரேலாது,” என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு ஒரு புது வழக்கம். தொலைபேசித் திரையில் முகத்தைக் காட்டுவதற்கு முதல், குடிக்கவில்லை என்பதற்குச் சாட்சியாகப் போத்தலைக் காட்டவேண்டும். அக்கா த்ரானைச் சாமிப் படத்தட்டில் இருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார். இந்தக் கடலின் மீனெண்ணெய் அந்தப் புழுக்கத்தில், திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், குறையாமல் நிற்கும். நான் என்னுடையதைத் தலைகீழாகப் பிடிப்பேன். குளிரில் உறைந்த எண்ணெய் அசையாது. “அங்க எண்ணெய்க்கும் விறைக்குது,” என்று முதல் தடவை சிரித்தார்.

போன கிழமை போத்தலை யன்னலுக்கும் ஹீட்டருக்கும் நடுவில் வைத்துவிட்டேன் போலிருக்கிறது. யன்னல் பக்கம் வெள்ளையாக உறைந்தும், ஹீட்டர் பக்கம் ஊரில் இருந்த மாதிரித் தெளிந்தும், பாதிபாதியாக நின்றது. அப்படியே தூக்கிக் காட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

“இதென்ன, உருகினதோ உறைஞ்சதோ?”

“ரெண்டுந்தான்.”

“எதெண்டாலும் பரவாயில்ல. அளவு அப்பிடியே இருக்கோ?”

“அப்பிடியே இருக்கக்கா.”

“அப்ப சரி,” என்றவர், நான் கேட்காமலே தொலைபேசியைக் கீழே இறக்கிப் பாதங்களைக் காட்டினார். செருப்பு வார் பதிந்த பள்ளம் மேலோட்டமாகத்தான் தெரிந்தது. அதன்மேல் துறைமுக வீதியின் புழுதி படிந்திருந்தது.