உப்பு வடிந்த புரட்டாசி

கடைமடைப் பக்கம் எல்லோரும் தண்ணீர் வரவில்லை என்று சண்டை போடுவார்கள். நாங்கள் ஒரு வருஷம் தண்ணீர் வெளியே போக வேண்டும் என்று சண்டை போட்டோம்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்து, எங்கள் ஊர் மிராசுதார் உபரி நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. புண்ணியவான், பார்த்துப் பார்த்து உவர் நிலமாக ஒதுக்கினார். அதில் ஒரு ஏக்கர் அப்பா பெயருக்குப் பட்டாவானது. பட்டா கைக்கு வந்த அன்றே மிராசுதார் வயலில் கூலிக்கு இறங்குவதை அம்மா நிறுத்திவிட்டாள். "குனிஞ்ச முதுகுக்குப் பின்னால நின்னு அவரு திட்டுனது போதும்" என்றாள். ஆனால் கோடையில் எங்கள் மண்மேல் சுண்ணாம்பு தெளித்தது மாதிரி வெள்ளை பூத்தது. முதல் வருஷம் நட்ட பயிர் நுனி கருகிச் செத்தது. இன்னொரு போகமும் போனால் அம்மா திரும்ப அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

நான் அப்போது கும்பகோணத்தில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் பெண். வாயும் கொஞ்சம் அதிகம். தண்ணீர் மூலக்கூறின் ஒரு பக்கம் நேர்மின் தன்மை, மறுபக்கம் எதிர்மின் தன்மை. அதனால்தான் அது உப்பைத் துகள் துகளாகப் பிரித்துத் தனக்குள் கரைத்துக்கொள்கிறது. வேர் சாப்பிடுவதும், நம் ரத்தம் சத்தைச் சுமப்பதும் இந்தக் குணத்தால்தான். அதே தண்ணீர் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலே ஏறி, வெயிலில் தான் மட்டும் ஆவியாகிப் போய்விடும். சுமந்து வந்த உப்பு வேரடியிலேயே கிடக்கும். இது புரிந்ததும் நிலத்தின் மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது. மிராசுதார் மேல் இருந்தது போகவில்லை.

புரட்டாசியில் லீவுக்கு வந்தபோது நல்ல மழை. வரப்பை உயர்த்தித் தண்ணீரைத் தேக்கி, நாலு நாள் ஊறவிட்டு, கரைந்த உப்போடு வடித்துவிட வேண்டும், பிறகு மறுபடி தேக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"மழைத் தண்ணிய எவனாச்சும் வெளிய விடுவானா?" என்றார். ஆனாலும் மண்வெட்டியை எடுத்தார்.

ஒரு முறை வடித்தோம். இரண்டாம் முறை போனால் வடிகால் வாயில் மண் போட்டு அடைத்திருந்தது. அந்த வடிகால் மிராசுதார் வயலோரமாகப் போகிறது. கரையில் அவரே நின்றார்.

"ஒங்க உப்பெல்லாம் என் வயலுக்கு வருது. அதான் அடைக்கச் சொன்னேன்."

அவர் சொன்னது தப்பில்லை. உப்பு அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது. இவ்வளவு படித்தவளுக்கு அது தோன்றவில்லையே என்று அவமானமாக இருந்தது.

சேற்றில் நின்றிருந்த அம்மா நிமிர்ந்தாள். "உப்பு எங்களுது இல்லீங்க. நெலத்தோட சேத்து நீங்க குடுத்ததுதான்."

அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல் அடைப்பை வெட்டிவிட்டார். மிராசுதார் தண்ணீர் போவதைப் பார்த்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

மூன்று முறை தேக்கி வடித்துத்தான் நட்டோம். தை கடைசியில் அறுத்ததில் பாதி பதர். மிச்சம் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த நடவுக்கு அம்மாவைக் கூப்பிட மிராசுதார் ஆள் அனுப்பினார். அம்மா வாசலுக்கு வந்து, "எங்க வயல்ல நடவு இருக்குதுங்க" என்றாள்.